பூஜை நாளில் தானாகச் சரியாகும்

காளப்பட்டி அலுவலகத்தில் அன்று எல்லா மடிக்கணினிகளும் மூடிக் கிடந்தன. பெரிய மேசையில் வாழையிலை விரித்து அவற்றை அடுக்கி, ஒவ்வொரு மூடியிலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் பொரி, கடலை, சுண்டல். வாசலில் உடைப்பதற்கு ஒரு முழுப் பூசணிக்காய். பம்புசெட் பட்டறை வைத்திருந்தவர் பிள்ளை சாஃப்ட்வேர் கம்பெனி வைத்தால் ஆயுத பூஜை இப்படித்தான் இருக்கும்.

முதலாளி சபாபதி மற்ற நாட்களில் எதற்கும் வளைந்து கொடுக்கிற மனிதர். இந்த ஒரு நாளில் மட்டும் கிடையாது. அவருடைய அப்பா காலத்துச் சட்டம்: பூஜை போட்ட கருவியை மறுநாள் காலை கற்பூரம் காட்டும்வரை ஒருத்தரும் தொடக்கூடாது. பட்டறையில் லேத்துக்கு இருந்த சட்டம் இங்கே கீபோர்டுக்கு வந்துவிட்டது. ஃபோனுக்கு மட்டும் விலக்கு. அது ஆயுதமில்லை என்று அவர் சொல்லிக்கொண்டார். அது இல்லாமல் அவரால் அரை மணி நேரம் இருக்க முடியாது என்பது ஊரறிந்த காரணம்.

“பத்து வருசமுங்க. பூஜை நாள்ல நம்ம சிஸ்டம் ஒருக்காகூட நம்மளைக் கைவிட்டதில்ல” என்று தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். “சின்னதா ஏதாச்சு வந்தாலும் தானா சரியாயிரும். அம்பாள் பாத்துக்குவா. இந்த வருசம் அம்பாளுக்குத் தொணையா மேஸ்திரி வேற இருக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியர் சுகந்தியும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. காலையிலிருந்தே அவளுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சிஸ்டத்தின் கோளாறுகளைத் தானே பார்த்துச் சரிசெய்கிற ஏஐ மேஸ்திரியை அங்கே கொண்டுவந்தவள் அவள்தான். அதன் முதல் ஆயுத பூஜை இது. போதாததற்கு, பொள்ளாச்சியில் அவளுடைய தம்பி தாமு இப்போது மெஷினில் படுத்திருந்தான்.

தாமுவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வீட்டிலேயே ரத்தம் சுத்தம் செய்துகொள்ளும் மெஷின் வைத்திருந்தான். தமிழ்நாடு முழுக்க அப்படி ஆயிரக்கணக்கான வீடுகள். ஆஸ்பத்திரிகள் கொடுத்த அந்த மெஷின்கள் அத்தனைக்கும் மூளை, காளப்பட்டி கம்பெனி நடத்திய சிஸ்டம்தான். ரத்தத்தின் நிலவரத்தை மெஷின் அடிக்கடி மேலே சொல்லும். எவ்வளவு நீர் எடுக்கலாம் என்று மேலேயிருந்து பதில் வரும். பதில் வரவில்லையென்றால் மெஷின் நீர் எடுப்பதை நிறுத்தி ரத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் சுற்றவிடும். அப்போதும் வரவில்லையென்றால் நின்றுவிடும்.

“அதென்னக்கா கன்டெய்னரு? கப்பல்ல வருமே, அதா?” என்று ஒருமுறை தாமு கேட்டிருக்கிறான்.

“டிபன் பாக்ஸுன்னு வச்சுக்கோ. ஒவ்வொரு வேலையும் ஒரு டப்பாக்குள்ள. கணக்குப் போட ஒரு டப்பா, ஆள் யாருன்னு பாத்து உள்ள விட ஒரு டப்பா. இப்படி நூத்துக்கணக்குல ஓடிட்டே இருக்கும். ஒண்ணு கெட்டுப்போனா அதைத் தூக்கிப் போட்டுட்டு அதே மாதிரி இன்னொண்ணை எழுப்பணும். எது கெட்டுச்சு, ஏன் கெட்டுச்சுன்னு நாங்க ராப்பகலா பாத்துட்டு இருந்தோம். இனி மேஸ்திரி பாத்துக்கும்.”

“அதுக்கு யாரு சொல்லித் தந்தா?”

“நாங்க பத்து வருசமா செஞ்ச ரிப்பேர் பூராத்தையும் படிச்சுருக்குது. எந்தக் கோளாறுக்கு என்ன செஞ்சோம், எப்ப செஞ்சோம், எல்லாம்.”

மேஸ்திரி கெட்டிக்காரத்தனமாகத்தான் வேலை செய்தது. வந்த இரண்டாம் மாதமே ஒரு பரிந்துரையும் கொடுத்தது: பதிவுகளின்படி மூன்று பேருடைய வேலை இனித் தேவையில்லை. அதில் முதல் பெயர் சிக்கந்தர். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருந்தவர், சுகந்திக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். இருவர் ஒப்புதல் வேண்டும் என்றது மேஸ்திரி. சபாபதி ஒப்புக்கொண்டார். சுகந்தியும் பொத்தானை அழுத்தினாள். அன்றிலிருந்து அவருக்கு ஃபோன் செய்ய அவளுக்கு முகமில்லை.

சபாபதி கற்பூரத்தை ஏற்றும்போது அவள் ஃபோன் அதிர்ந்தது. தாமு.

“அக்கா, மெஷின் கத்துதுக்கா. மஞ்சள் லைட் எரியுது. நெட்டு நல்லாத்தான் இருக்குது.”

அவள் கூட்டத்தைவிட்டு ஒதுங்கினாள். “இரு, பாக்கறேன். சௌம்யா பக்கத்துல இருக்காளா?”

“இருக்கறா.”

மேஸ்திரியின் செய்தி அதற்குள் அவள் ஃபோனுக்கும் வந்துவிட்டது. ஆட்களை அடையாளம் பார்த்து உள்ளே விடுகிற டப்பா விழுந்துவிட்டது. எழுப்பினால் மறுபடி விழுகிறது. கீழே ஒரு வரி: காரணம் கண்டறியப்பட்டது. காத்திருக்கிறேன்.

காத்திருக்கிறதா? எதற்கு?

அவள் நிமிர்ந்தபோது சபாபதி தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, ஃபோனைக் காதில் வைத்தபடி பின்பக்கப் படிக்கட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கும் செய்தி போயிருக்கும். ஃபோனிலிருந்து எதையும் மாற்ற முடியாது. சுகந்தி மேசைக்குப் போய், அடுக்கிலிருந்து தன் மடிக்கணினியை உருவினாள். மேலே இருந்த இரண்டு சரிந்தன, பொரி சிதறியது. யாரோ “அய்யய்யோ அக்கா” என்றார்கள். மூடியைத் திறந்தபோது விரலெல்லாம் குங்குமம்.

‘ஏன் சரிசெய்யவில்லை?’ என்று அடித்தாள்.

மேஸ்திரி உடனே பதில் எழுதியது. ‘இது ஆயுத பூஜை நாள். கடந்த பத்து ஆண்டுகளிலும் இந்த நாளில் இதே கோளாறு வந்திருக்கிறது. ஒருமுறைகூட யாரும் கை வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தானாகச் சரியாகியிருக்கிறது. மற்ற நாட்களில் கை வைத்துச் சரிசெய்ததைவிட விரைவாகச் சரியாகியிருக்கிறது. ஆகவே, இந்த நாளில் காத்திருப்பதே சிறந்த வழி என்று கற்றேன்.’

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையென்று சொல்லவும் முடியாது. பத்து வருடமும் அதே காக்கை, அதே பனம்பழம்.

‘காத்திருக்காதே’ என்று அடித்தாள்.

‘பூஜை நாளில் மாற்றத்துக்கு இருவர் ஒப்புதல் தேவை. உங்களுடையது கிடைத்தது. சபாபதியுடையது கிடைக்கவில்லை.’

ஃபோனில் தாமுவின் மனைவி சௌம்யா வந்தாள். “அண்ணி, மெஷின் நின்னுருச்சு. குழாயெல்லாம் ரத்தம் இருக்குது. அப்படியே நிக்குது.”

“பயப்படாத சௌம்யா. பக்கவாட்டு மூடியைத் திற. கைப்பிடி இருக்கும் பாரு. அன்னைக்குச் சொல்லிக் குடுத்தாங்கல்ல? அம்புக்குறி இருக்கற பக்கமா மெதுவா சுத்து. நிறுத்தாத. நிறுத்துனா ரத்தம் உறைஞ்சுரும். அப்புறம் அதை அவனுக்குத் திரும்பக் குடுக்க முடியாது.”

“சுத்தறனுங்க அண்ணி. நெம்பக் கனமா இருக்குது.”

“சுத்து கண்ணு. நான் லைன்லயே இருக்கறேன்.”

சபாபதி படிக்கட்டிலிருந்து திரும்பி வந்தார். நெற்றியில் வியர்வை. திறந்திருந்த மடிக்கணினியைப் பார்த்ததும் முகம் மாறியது.

“என்னம்மணி இது? பூஜை போட்டதை எடுத்துட்டியா?”

“சார், ஒப்புதல் குடுங்க. மெஷினெல்லாம் நிக்குது. என்ற தம்பி மெஷின் நின்னு போச்சு.”

“கொஞ்சம் பொறும்மா. சரியாயிரும்.”

“எப்படிங்க சார் சரியாகும்?”

“வருசா வருசம் ஆகுதல்ல? நீ தொட்டு இன்னும் கெடுத்து வச்சுராதே. ஒரு அஞ்சு நிமிசம்.” கையிலிருந்த ஃபோனைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டார்.

மனிதரும் அதையே சொல்கிறார், மெஷினும் அதையே சொல்கிறது. அவளுக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. ஃபோனுக்குள் சௌம்யா மூச்சிரைக்கச் சுற்றிக்கொண்டிருந்தாள். தாமு மெல்ல ஏதோ சொல்லி அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். அதைக் கேட்க முடியாமல் சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது திரையில் ஏதோ நகர்ந்தது. சிஸ்டத்துக்குள் நுழைய முட்டிக்கொண்டு நின்ற மெஷின்களின் வரிசை நகரத் தொடங்கியிருந்தது. கொஞ்சம் மெஷின்கள் உள்ளே போயின. வரிசை நின்றது. மறுபடி கொஞ்சம். நின்றது. டப்பா விழவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் பொள்ளாச்சி முறை வந்தது.

“பச்சை லைட்டு வந்துருச்சு அண்ணி! தானா சுத்துது!” சௌம்யா அழுதாள்.

சபாபதி இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்தார். “பாத்தியா அம்மணி! நான் சொல்லல? தாயே!” கூடத்தில் இருந்தவர்களும் கும்பிட்டார்கள். ஒரு பையன் சிதறிய பொரியைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

சுகந்தியும் கும்பிட்டிருப்பாள். அந்த வரிசை நகர்ந்த விதம்தான் அவளைக் கும்பிட விடவில்லை. மேஸ்திரி திறந்தால் கதவு ஒரே சீராகத் திறக்கும். இது ஒரு பிடி விட்டு, என்ன ஆகிறதென்று பார்த்து, அடுத்த பிடி விட்டிருக்கிறது. தட்டில் சோற்றைப் பிசைந்து பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். ஆறு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

படிக்கட்டுக்கு ஓடி, அழைக்க முகமில்லாதிருந்த எண்ணை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

“தம்பி எப்படி இருக்கான் சுகந்தி?”

“நீங்கதானா அண்ணா?”

“வேற யாரு?” சிக்கந்தர் சிரித்தார். கரும்புக்கடைத் தெருச் சத்தம் பின்னால் கேட்டது. “லீவு நாளு. எல்லாரும் வீட்டுல இருப்பாங்க, சாமி கும்பிட்டுட்டு ஒரே நேரத்துல மெஷின் போடுவாங்க. கூட்டம் முட்டுனா டப்பா விழும். எழுப்புனா மறுபடி எல்லாம் ஒண்ணா முட்டும். அதைக் கையால பிடிச்சு நிறுத்தி, இருபது இருபதா உள்ள விடணும். வருசா வருசம் இதுதான்.”

“வருசா வருசமா? பதிவுல ஒண்ணுமே இல்லையே!”

“எப்படி இருக்கும்? சிஸ்டத்துக்குள்ள நுழைய ஆரம்பத்துல வச்ச பழைய சாவி ஒண்ணு, பாஸ்வேர்டு மாதிரி, என்கிட்ட இருந்துச்சு. அது வழியா போனா தடம் விழாது. சார்தான் அப்படிச் செய்யச் சொன்னாரு. பூஜை நாள்ல கை வச்சாங்கன்னு எழுத்துல இருக்கக்கூடாதாம். நானும் பெருசா எடுத்துக்கல. ரம்ஜானுக்கு நீங்கல்லாம் எனக்காகப் பாத்தீங்க, உங்க பண்டிகைக்கு நான் பாத்தேன். அவ்வளவுதானே?”

“இன்னைக்கும் அவரா கூப்பிட்டாரு?”

“அவரேதான். வேலையைவிட்டு அனுப்புனதுக்கப்பறம் மொத ஃபோன் இது.”

சுகந்திக்குக் காது சுட்டது. “அப்படியும் ஏண்ணா செஞ்சீங்க?”

“மெஷின்ல ஜனங்க ரத்தம் நிக்குது. அந்த நேரத்துல ரோஷம் பாக்கச் சொல்றியா?” பிறகு அவரே தொடர்ந்தார். “உன் தம்பியைக் கடைசியாத்தான் விட்டேன். கோச்சுக்காத. அவனுக்குச் சம்சாரம் இருக்கு, கைப்பிடி சுத்துவா. தனியா இருக்கறவங்கள முதல்ல விடணும். பத்து வருசம் ஃபோன்ல பேசிப் பேசி எனக்கு யார் யாருன்னு தெரியும். திருச்செங்கோட்டுல ஒரு டீச்சர், ஒத்தக் கட்டை. கூடலூர்ல ஒரு பெரியவர். அதெல்லாம் எங்கயும் எழுதி வைக்கல.”

“மன்னிச்சுருங்கண்ணா. நான்தான் அன்னைக்குப் பொத்தானை...”

“விடு. இன்னைக்கு வேலை முடிஞ்சதும் அந்தச் சாவியை அழிச்சுட்டேன். வெளியாள் ஒருத்தன் ஆஸ்பத்திரி சிஸ்டத்துக்குள்ள பூந்தான்னா போலீஸ் வரும், எனக்குப் பொண்ணு இருக்குது. இனி யார் கூப்பிட்டாலும் எடுக்கறதா இல்ல. உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்.” வைத்துவிட்டார்.

அவள் படியில் அப்படியே உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மெஷின் பாதியில் நின்றவர்களில் பலர் கழற்றியிருப்பார்கள். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அத்தனை பேரும் மறுபடி ஒன்றாக மாட்டுவார்கள். அப்போதும் இது பூஜை நாள்தான்.

கூடத்துக்குத் திரும்பியபோது சபாபதி சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார். திரையில் மேஸ்திரி எழுதியிருந்தது: ‘கோளாறு தானாகச் சரியானது. மனிதர் யாரும் கை வைக்கவில்லை. என் முடிவு உறுதியாகிறது. இனி இந்த நாளில் இன்னும் அதிக நேரம் காத்திருக்கலாம். இது சரியா?’

அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

“சிக்கந்தரண்ணன்கிட்டப் பேசிட்டேனுங்க சார்.”

சபாபதியின் கரண்டி நின்றது. மற்றவர்களைப் பார்த்து, “வெளிய போய்ப் பூசணிக்காய் உடைக்கற வேலையைப் பாருங்க” என்றார். அவர்கள் போனதும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மொத வருசம் ஒரு அவசரத்துக்குச் செஞ்சதும்மா. எங்கப்பாரு உசுரோட இருந்தாரு. அவருகிட்ட, பூஜை நாள்ல யாரும் தொடலீங்கப்பா, அம்பாளே ஓட்டுனான்னு சொன்னேன். அவரு மொகம் அப்படி மலர்ந்துச்சு. அடுத்த வருசமும் அதையே சொன்னேன். அப்புறம் சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாப் போச்சு.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டீங்க. அந்தச் சோத்தைத்தான் மேஸ்திரிக்கு ஊட்டினோம்.”

“அதுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சனே! எல்லாத்தையும் படிச்சுருக்குதுன்னு நீதான சொன்னே?”

“எழுதி வச்சதைத்தானே சார் படிக்கும்?”

அவள் திரையைத் திருப்பினாள்.

“சாயந்திரம் மறுபடி கூட்டம் வரும். அண்ணன்கிட்ட இருந்த சாவி இப்ப இல்லை. இது கைகட்டி வேடிக்கை பாக்கும். உண்மையைச் சொல்லுங்க.”

“நீயே எழுதிரும்மா.”

“நான் எழுதினா அது நம்பாது. நான் வந்து ஆறு வருசம்தான் ஆச்சு. பத்து வருசமும் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான்.”

சபாபதி வாழ்நாளில் ஒருமுறைகூடப் பூஜை நாளில் கருவியைத் தொட்டதில்லை. கையை வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தன் ரகசிய எண்ணைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். ‘தானாகச் சரியாகவில்லை. பத்து வருடமும் சரிசெய்தது சிக்கந்தர். இன்றும் அவர்தான். நான்தான் கூப்பிட்டேன்.’

மேஸ்திரி வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு வரிகள் வந்தன.

‘கற்றது தவறு. திருத்திக்கொண்டேன். இனி இந்த நாளில் காத்திருக்க மாட்டேன். ஆனால் அவர் செய்த முறை பதிவில் இல்லை. எந்த வீட்டை முதலில் விடுவது என்று எனக்குத் தெரியாது.’

‘சிக்கந்தர்: பணியிலிருந்து நீக்கப்பட்டவர். பரிந்துரைத்தது மேஸ்திரி. ஒப்புதல்: சபாபதி, சுகந்தி. அந்தப் பரிந்துரையும் இதே தவறான பதிவிலிருந்து வந்தது. கோளாறு கண்டறியப்பட்டது. சரிசெய்யும் வழி: அவரைத் திரும்ப அழைப்பது. இருவர் ஒப்புதல் தேவை.’

சுகந்தி தன்னுடையதை அழுத்தினாள். அன்றைக்கு அழுத்தியதும் இதே நிறத்துப் பொத்தான்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

சபாபதியின் விரல் பாதியில் நின்றது. “இதெல்லாம் எழுத்துல போயிருச்சுன்னா ஆஸ்பத்திரிக்காரங்க கேப்பாங்களே அம்மணி. எழுத்துல வராம ஒருத்தரும் சிஸ்டத்துல கை வச்சதில்லைன்னு சொல்லித்தான அவங்களோட ஒப்பந்தம் போட்டுருக்கோம். நாளைக்கு விசயதசமி, நல்ல நாளு. நாளைக்குப் பாத்து...”

அவள் ஃபோன் அடித்தது. தாமு. அவள் ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தாள்.

“அக்கா, பயந்துட்டுக் கழட்டிட்டோம். பாதிதான் ஆச்சு, காலெல்லாம் வீங்கிக் கெடக்குது. சாயந்திரம் மறுபடி மெஷின் போடோணும். சௌம்யாவுக்குக் கையைத் தூக்க முடியல, அவளால இன்னொருக்கா சுத்த முடியாது. போடலாமாக்கா? ஒண்ணும் ஆகாதல்ல?”

சுகந்தி சபாபதியைப் பார்த்தாள். “நீங்களே சொல்லுங்க சார்.”

வாசலில் பூசணிக்காய் உடைந்தது. பையன்கள் கூச்சல் போட்டார்கள். சபாபதி ஃபோனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பொத்தானை அழுத்தினார். அவர் விரலிலும் குங்குமம் ஒட்டிக்கொண்டது.

“போடலாம் கண்ணு” என்றார். “சாயந்திரத்துக்குள்ள ஆள் வந்துரும்.”

மேஸ்திரி எழுதியது: ‘சிக்கந்தரை அழைக்கிறேன்.’

மணி அடிப்பது கூடம் முழுக்கக் கேட்டது. அடித்து அடித்து ஓய்ந்தது.

‘பதில் இல்லை. மீண்டும் அழைக்கிறேன்.’

மறுபடி அடித்தது. சபாபதி தன் ஃபோனை எடுத்து அதே எண்ணைப் போட்டார். காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார், இரண்டு எட்டு நடந்தார், திரும்பி வந்தார்.

“எப்பவும் மொத மணியிலயே எடுத்துருவானே” என்றார்.

‘பதில் இல்லை’ என்று எழுதியது மேஸ்திரி. ‘மீண்டும் அழைக்கிறேன்.’